அடுக்குமாடி வீட்டில் தீ பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி? ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு பதில்

தஞ்சாவூரில் தனி வீட்டை விட்டு எட்டாவது மாடிக்குக் குடிபோகப் போகிறீர்கள். "அவ்வளவு உயரத்தில் தீ பிடித்தால் எங்கே ஓடுவது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். என்னென்ன வாங்கி வைத்தால் பாதுகாப்பு என்பது உங்கள் கேள்வி. வாங்குவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு மீன் கதை.

நாங்கள் இருப்பது திருச்சியில், வயலூர் சாலைப் பக்கம், ஏழு மாடிக் குடியிருப்பில் ஐந்தாவது மாடி. சில வருடங்களுக்கு முன் ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபத்தில் தர்ப்பணம் கொடுப்பதற்காக, திருவையாற்றுப் பக்கத்து ஊரிலிருந்து எங்கள் உறவில் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். எரிவாயு அடுப்பில் சாதமும் சாம்பாரும் ஏறிவிட்டதால், இண்டக்ஷன் அடுப்பைப் பரணிலிருந்து இறக்கி, கூடத்தில் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாயசத்துக்குப் பால் வைத்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். "அமாவாசையும் அதுவுமாக யார் வீட்டில் மீன் வறுக்கிறார்கள்?" என்று கேட்டார் என் மாமியார். எனக்கும் வாடை அடித்தது. எதிர்வீட்டின் மேல் சந்தேகப்பட்டேன். பாவம், அந்த அம்மாள் அன்று விரதம். மாமியார் விடவில்லை. மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து சோபாவுக்குப் பின்னால் குனிந்தார். வெள்ளையாக இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டி காப்பிப் பழுப்பாகி, பிளக்கின் ஒரு கால் பக்கம் பிளாஸ்டிக் இளகி வழிந்திருந்தது. சோபாத் துணிக்கும் அதற்கும் நான்கு விரற்கடைதான் இடைவெளி.

சுவிட்ச், பிளக் செய்கிற சிலவகைப் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் வாடை அடிக்கும் என்பது மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் மீன் சமைக்காதபோது மீன் வாடை அடித்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்குகளைப் பாருங்கள். அண்டை வீட்டாரைப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.

நடந்தது சாதாரணக் கணக்கு. கடையில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் பல 6 ஆம்பியருக்கானவை. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. "எம்.சி.பி. இருக்கிறதே, அது ஏன் விழவில்லை?" என்று நானும் கேட்டேன். எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்; அது காப்பது சுவருக்குள் போகும் ஒயரை. எங்கள் கூடத்துக்குப் போட்டிருந்தது 16 ஆம்பியர். 9 ஆம்பியரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெளியே கிடக்கிற மலிவுப் பெட்டி உருகினாலும் அது சும்மாதான் இருக்கும். ஆகவே கீசர், இண்டக்ஷன், ஏ.சி., துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை 16 ஆம்பியர் பிளக் பாயின்டில் நேரடியாகத்தான் செருகப்பட வேண்டும். பெரிய பிளக்கைச் சின்ன ஓட்டையில் நுழைக்க ஒரு மாற்றுப் பிளக் விற்கிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். பிளக் தொளதொளவென்று ஆடினாலும் சூடேறும். அந்தப் பாயின்டையே மாற்றிவிடச் சொல்லுங்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வீட்டின் அடுக்களை கீற்றுக் கூரை. சித்திரை வெயிலில் கீற்று எப்படிக் காய்ந்திருக்கும் என்று டெல்டாவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வைக்கோல் போரை வீட்டை ஒட்டிப் போட அப்பாவை அம்மா ஒருநாளும் விட்டதில்லை. இராச் சாப்பாடு முடிந்ததும் கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளிப்பார், கங்கைக் கிளறிப் பார்ப்பார், சிம்னி விளக்கை ஊதி அணைப்பார், தீப்பெட்டியை மாடத்தில் வைப்பார், பிறகுதான் பாயை விரிப்பார். அந்த வீட்டில் இருந்தது இரண்டே நெருப்பு. இரண்டுக்கும் அம்மா பொறுப்பு. மாடி வீட்டில் எனக்கு இருபது நெருப்பு இருக்கிறது. எல்லாம் சுவருக்குள்ளும் பிளாஸ்டிக்குக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. பொறுப்பு என்று யாருமில்லை. எங்கள் வீட்டில் இல்லாதது அந்தப் பொறுப்பான ஆள்தான். மறுநாளே அந்தப் பொறுப்பை மாமியாரிடம் ஒப்படைத்தேன். அவருக்கு எழுபத்தாறு வயது, மூட்டு வலி, ஆனால் அந்த மூக்கு!

இரவு ஒன்பதரைக்கு அவருடைய சுற்று தொடங்கும். முதலில் சிலிண்டர். ரெகுலேட்டரை மூடுவது கட்டாயம்; அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து மேடைக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் தேங்கும். மேலே இருக்கும் ஜன்னலை மட்டும் திறந்தால் அது போய்விடாது. பால்கனிக் கதவைத் தரைமட்டம்வரை திறந்துவைக்க வேண்டும். எரிவாயு வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. காற்று வெளியே போகட்டும் என்று எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு பொறி போதும். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். ரப்பர் குழாயை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்; கசிகிறதா என்று சந்தேகம் வந்தால் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குழாய்வழி இயற்கை எரிவாயு வரும் கட்டடமாக இருந்தால் கதை தலைகீழ்: அது காற்றைவிட லேசானது, மேலே ஏறும்.

அடுப்பில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கிற எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை வாரி இறைக்கும். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். அடுப்பை அணைத்து, ஒரு தட்டை மேலே சரித்து மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் இருங்கள். அதற்கென்றே எங்கள் அடுப்பருகில் ஒரு பழைய தாம்பாளம் சாய்ந்திருக்கிறது.

அடுத்தது சுவாமி அலமாரி. மாடி வீடுகளில் இதை மரப்பலகையில், தலைக்கு மேல் இன்னொரு தட்டு வைத்துச் செய்துவிடுகிறார்கள். கீழே விளக்கு, மேலே பட்டுத் துணி, பஞ்சாங்கம், கற்பூர டப்பா. ஆடிக் காற்று மாடி உயரத்தில் எப்படி வீசும் என்று நீங்கள் இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள். எங்கள் நாச்சியார்கோவில் குத்துவிளக்கை அலமாரியிலிருந்து இறக்கி, தரையில் மணல் பரப்பிய தட்டில் வைத்துவிட்டோம். மாமியார் முதலில் முகம் சுளித்தார். பிறகு, கோயிலிலும் விளக்கு தரையில்தானே நிற்கிறது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தீபாவளியன்று பால்கனியில் துணி, அட்டைப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. ராக்கெட் விடுகிறவன் கீழே நிற்கிறான். அது வந்து விழுவது உங்கள் கொடியில்.

இனி படிக்கட்டு. உங்கள் கேள்வியில் இல்லாத விஷயம் இது. இரண்டு வருடம் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்து எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கியவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். 2004ஆம் ஆண்டை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். இரண்டிலும் எரிந்தது கீற்று. அதனால் கான்கிரீட் வீட்டுக்கு வந்ததும் கண்டம் கழிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் வெளியே வரப் போதிய வழியும் இல்லை. அதைக் கான்கிரீட் தீர்த்துவிடவில்லை. 2017இல் லண்டனில் எரிந்த 24 மாடி கிரென்ஃபெல் கோபுரமும் கான்கிரீட்தான். நான்காவது மாடியில் யாரோ ஒருவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் தொடங்கிய தீ, வெளிச்சுவரில் பொருத்தியிருந்த எரியும் தகடுகள் வழியே ஏறி 72 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மாடி வீட்டில் உங்கள் அடுப்பை மட்டும் நீங்கள் காத்தால் போதாது.

பெரும்பாலும் ஆளைக் கொல்வது சுவாலை அல்ல, புகை. படிக்கட்டு திறந்து கிடந்தால் அதுவே புகைபோக்கி ஆகிவிடும். அதற்காகத்தான் படிக்கட்டு வாசலில் தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு போடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் காற்று வரட்டும் என்று ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். படிக்கட்டிலோ செருப்பு அலமாரி, உடைந்த கட்டில், பெயின்ட் டப்பா, மூன்றாம் மாடியில் ஒருவருடைய பேரன் விட்டுப்போன சைக்கிள். செங்கல்லை எல்லாம் பொறுக்கிக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். சைக்கிளுக்கு மட்டும் ஐந்து மாதம் ஆயிற்று.

எனவே வீடு பார்க்கப் போகும்போது, குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கிற மாதிரியே இதையும் பாருங்கள். படிக்கட்டு எத்தனை? ஒன்று புகைந்தால் இன்னொன்று உண்டா? கதவு தானாக மூடுகிறதா? நடைவழியில் இருக்கும் தீயணைப்புக் குழாயில் தண்ணீர் வருகிறதா? மாட்டியிருக்கும் தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா? மின்சார ஸ்கூட்டரை எங்கே சார்ஜ் செய்கிறார்கள்? படிக்கட்டுக்கு அடியில் என்றால் வேறு வீடு பாருங்கள். குரங்குக்கும் புறாவுக்கும் பயந்து பால்கனி முழுவதும் கம்பி அடித்திருந்தால், அதில் திறக்கிற ஒரு கதவு வேண்டும். சாவி அதன் பக்கத்திலேயே தொங்க வேண்டும்.

பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். எங்கே ஓடுவது? தீ உங்கள் வீட்டில் என்றால், எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, லிஃப்டைத் தொடாமல் படியில் இறங்கி, 101 அல்லது 112க்குப் பேச வேண்டும். தீ வேறு வீட்டில், படிக்கட்டிலோ புகை என்றால் அதற்குள் நுழையவே கூடாது. திரும்பி வந்து கதவை மூடி, ஈரத் துணியால் இடுக்கை அடைத்து, பால்கனியில் நின்று கையை ஆட்டுங்கள். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் நடத்திப் பார்த்துவிடுங்கள். மாமியாருக்கு ஐந்து மாடி இறங்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. அது தெரிந்த பிறகுதான், அவசரம் என்றால் அவரை இறக்க உதவும்படி எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லிவைத்தோம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. ஏ.பி.சி. வகைப் பொடித் தீயணைப்பான் ஒன்று. அடுப்புக்கு மேல் அல்ல, சமையலறை வாசலுக்கு வெளியே. புகை உணரும் கருவி இரண்டு. ஒன்று கூடத்தில், ஒன்று படுக்கையறைக்கு அருகில். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மீட்டர் பெட்டியில் இல்லாவிட்டால் அதையும் போட்டு, அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் பொறுப்பான ஆள் ஒருவர் வேண்டும். அவருக்கு நீங்கள் அடங்கிப் போகவும் வேண்டும். நேற்று இரவு மாமியார் தம் சுற்றில் என் செல்பேசியின் சார்ஜரையும் பிடுங்கி வைத்துவிட்டார். பாட்டரி தீர்ந்து அலாரம் அடிக்கவில்லை; இன்று அவர் பேரன் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டான்.