வெந்நீரும் பச்சைத் தண்ணீரும்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை நான்கைந்து வருடமாக வாசித்து வருகிறேன். எனக்கு 41 வயது, வங்கியில் வேலை. இரண்டு வருடம் முன்பு மகனைக் கராத்தே கிளாஸில் சேர்க்கப் போனேன். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் சேர்ந்துவிட்டேன். ஷோட்டோகான் என்ற ஸ்டைல். இப்போது அவன் பச்சை பெல்ட். நான் மஞ்சளிலேயே இருக்கிறேன், ஆரஞ்சு டெஸ்ட்டில் இரண்டு முறை நின்றுவிட்டேன். தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் வருடக் கடைசியில் 37 மடங்கு ஆகலாம் என்று படித்தேன். அதனால் ஒரு நோட்டுப் போட்டு, பயிற்சி முடிந்ததும் எனக்கு நானே மார்க் போட்டுக்கொள்கிறேன். ஆறு மாதமாக மார்க் அதே இடத்தில் நிற்கிறது, சில வாரம் இறங்கவும் செய்கிறது. இந்த வயதில் இவ்வளவுதானா? ஸ்டைலை மாற்றி கோஜு-ரியு பக்கம் போய்ப் பார்க்கலாமா? அந்தக் காலத்தில் வெள்ளை பெல்ட்டைத் துவைக்காமலே கட்டிக் கட்டி, வியர்வையும் அழுக்கும் ஏறித்தான் அது கறுப்பானதாம், மாஸ்டர் சொல்வார். அந்தப் பொறுமை எனக்கு இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம் சார்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் மொட்டைமாடியில் ஹெயான் ஷோடான் ஒருமுறை செய்துவிட்டுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன். மணிக்கட்டு முறிந்து எட்டு மாதமாகப் பயிற்சி இல்லை. பதினாறு வயதில் கற்ற கட்டா அது, வரிசை மாறாமல் தனியாகச் செய்கிற அசைவுத் தொகுப்பு. 21 அசைவும் ஞாபகத்தில் இருந்தன, ஆனால் உடம்பு மறந்திருந்தது. திரும்பும் இடத்தில் கால் போய்விட்டது, இடுப்பு பிறகுதான் வந்தது. வரிசையாக வரும் மூன்று குத்துகளில் கடைசிக் குத்துக்குப் பின்கால் குதிகால் எழும்பியதை நானே உணர்ந்தேன். அதை நினைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஸ்டைல் விஷயம் ஒன்றுமில்லை. மஞ்சள் பெல்ட்டில் இருப்பவருக்கு எந்த ஸ்டைலும் ஒன்றுதான். கிளாஸ் நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும், மாஸ்டர் உங்கள் காலைக் குனிந்து பார்ப்பவராக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அங்கேயே இருங்கள்.

பெல்ட் அழுக்கேறிக் கறுப்பான கதை வெறும் கதைதான். கறுப்பு பெல்ட், ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் மாணவர்களுக்கு வைத்த ஏற்பாடு. ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சின் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, 1924-ல்தான் முதன்முதலாகச் சிலருக்கு டான், அதாவது கறுப்பு பெல்ட் தகுதி, கொடுத்தார். அவருடைய ஆசான்கள் அசாட்டோவும் இட்டோசுவும் எந்த பெல்ட்டும் கட்டியவர்கள் இல்லை. அவர்கள் காலத்து ஒகினாவாவில் அந்தப் படிவரிசையே கிடையாது. ஆகவே அழுக்கு பெல்ட்டோடு உங்கள் பொறுமையை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

அந்த நோட்டுக்கு வருகிறேன். அதைத் தூக்கிப் பரணில் போடுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். ஆறு மாதம் ஒரு மனிதர் வேலை முடிந்த களைப்போடு போய்க் காலை வைத்து, கையை வீசி, வியர்த்து வந்திருக்கிறார். ராத்திரி உட்கார்ந்து தனக்குத்தானே பத்துக்கு ஐந்து போட்டு மனம் நொந்துகொள்கிறார். யார் கேட்டார்கள் இந்த மார்க்கை?

1.01-ஐ 365 தடவை பெருக்கினால் 37 சொச்சம் வரும், பெருக்கல் சரிதான். ஆனால் அது கூட்டு வட்டிக் கணக்கு. வங்கியில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. வைப்புத்தொகையை எட்டு மாதம் எட்டிப் பார்க்காமல் விட்டாலும் அசல் அப்படியே கிடக்கும், வட்டியும் ஏறியிருக்கும். குத்தை எட்டு மாதம் விட்டுப் பாருங்கள். நான் விட்டுப் பார்த்துவிட்டேன். உடம்பில் பாஸ்புக் கிடையாது. அப்புறம், 37 மடங்கு நல்ல குத்து என்றால் அது என்ன? எதை வைத்து அளப்பது? ஒரு மனிதனின் கை அடிப்படையில் நேற்றைய கைதான். அது நாளைக்கும் அதே கையாக வேலை செய்ய வேண்டும் என்பதற்கே தினமும் பாடுபட வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கைப் புத்தகத்தில் போட்டு விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அதை நம்பியவர்கள் ஆறாவது மாதம் உங்களைப் போலத் தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறார்கள்.

ஃபுனகோஷி மாணவர்களுக்கு 20 விதிகள் எழுதிவைத்தார். வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிவது கராத்தே, கராத்தேயில் முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது, இவையெல்லாம் கிளாஸ் சுவரில் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். சுவரில் ஏறினாலும் யாரும் நின்று படிக்காத விதி பதினோராவது. கராத்தே வெந்நீர் மாதிரி, விடாமல் சூடு கொடுக்காவிட்டால் பழையபடி பச்சைத் தண்ணீர் ஆகிவிடும் என்கிறார். இத்தனை நாளில் இவ்வளவு கொதிக்கும் என்று அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆறும் என்று மட்டும் சொல்கிறார்.

எங்கள் வீட்டில் கிணற்றடியில் வெந்நீர் அடுப்பு இருந்தது. கறுத்துப்போன செப்பு அண்டா. ஆச்சி விடியற்காலையில் தென்னை மட்டையும் பாளையும் அள்ளிச் செருகி ஒரு பாடு பட்டுத் தண்ணீரைக் காயவைப்பாள். காய்ந்த பிறகு அவ்வளவு விறகு வேண்டாம். போகிற வருகிற நேரத்தில் ஒரு சிரட்டையைத் தள்ளிவிடுவாள். வீட்டில் பதினோரு பேரும் குளித்து முடிக்கிற வரைக்கும் அந்தச் சிரட்டைக் கங்கிலேயே தண்ணீர் சூடாக நிற்கும். அதைக் கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து. பிறகு மறுபடியும் மட்டை, மறுபடியும் புகை, கண்ணெரிச்சல். இன்றைக்கு நான் மொட்டைமாடியில் பட்டது அந்தப் புகைதான்.

நீங்கள் ஆறு மாதமாக மார்க் நகரவில்லை என்கிறீர்கள். 41 வயதில், நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற உடம்பு, ஆறு மாதம் அதே சூட்டில் நின்றிருக்கிறது. நானாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

சரி, அப்படியானால் முன்னேற்றமே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அது வருகிற வேகம் வேறு. ஃபுனகோஷி பள்ளி ஆசிரியர். பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, ராத்திரி லாந்தரைக் கையில் எடுத்துக்கொண்டு அசாட்டோ வீட்டுக்கு நடந்தே போவார். கொல்லையில் அவர் ஒரே கட்டாவைத் திரும்பத் திரும்பச் செய்ய, ஆசான் பக்கத்தில் விளக்கை வைத்துக்கொண்டு திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு முறை என்பார். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் அதே கட்டாதான். பாராட்டு என்றால் எப்போதாவது ஒரு 'நன்று'. விடிகிற நேரத்தில் லாந்தரோடு திரும்பி வருகிறவரைப் பார்த்து, ஆள் தாசி வீட்டுக்குப் போய் வருகிறார் என்று அக்கம்பக்கத்தில் பேசியிருக்கிறார்கள். இன்று நாம் டெக்கி என்று சொல்கிற மூன்று கட்டாக்களுக்கு மட்டும் அவருக்குப் பத்து வருடம் ஆனது. அந்தக் கட்டாக்கள் எப்படி இருக்கும் தெரியுமா? குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி ஒரே நிலை. ஒரே கோட்டில் இடது பக்கம் சில அடி, வலது பக்கம் சில அடி. முன்னே போவது, பின்னே வருவது எதுவும் கிடையாது. பத்து வருடம்! ஒரு கட்டாவுக்கு மூன்று வருடம் நான்கு மாதம். அவர் நோட்டுப் போட்டிருந்தால் அதில் என்ன எழுதியிருப்பார்?

அவருடைய இன்னொரு ஆசான் இட்டோசு 1908-ல் பள்ளிகளில் கராத்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கல்வித்துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்தே பத்து குறிப்பு. அப்போது அவருக்கு 77 வயது. தினமும் ஒன்று இரண்டு மணி நேரம் மனம் ஒன்றிச் செய்தால் மூன்று நான்கு வருடத்தில் உடம்பு மற்றவர்களைப் போல இருக்காது என்கிறார். அவர் தருகிற மிகச் சின்னக் கெடு இது. மாக்கிவாரா என்று ஒன்று உண்டு, வைக்கோல் கயிறு சுற்றித் தரையில் நட்ட பலகை. தோளைத் தாழ்த்தி, காலால் தரையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு கையாலும் அதில் நூறு இருநூறு தடவை குத்தச் சொல்கிறார். நாளைக்கு 202 குத்து என்று அவர் எழுதவில்லை. அதே நூறுதான், அதே இருநூறுதான். தோள் தாழ்ந்திருக்கிறதா, கால் பற்றியிருக்கிறதா என்பதில்தான் அவருக்கு அக்கறை. நீங்கள் செய்கிற ஹெயான் ஷோடானும் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அமைத்த பினான் வரிசையில் ஒன்றுதான். ஃபுனகோஷி பெயரை மாற்றினார்.

கால் பற்றியிருக்கிறதா என்றதும் என் மாஸ்டர் ஞாபகம் வருகிறது. பகலில் அரசு பஸ்ஸில் கண்டக்டர், மாலையில் பள்ளிக்கூட மைதானத்தில் எங்களுக்கு மாஸ்டர். ஓய்-ஸுக்கி, அதாவது ஓரடி முன்னே வைத்துக் குத்துவது, அதில் என் பின்கால் குதிகால் எப்போதும் எழும்பும். குத்தின் பலம் பின்காலில் இருந்து வருகிறது. குதிகால் தரையை உதைக்கும், முழங்கால் நீளும், இடுப்பு திரும்பும், அப்புறம்தான் தோளும் கையும். குதிகால் எழும்பினால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். பிறகு கை மட்டும் தனியாகப் போய்க் குத்தும்.

மாஸ்டர் தோல் பையில் இருந்து ஒரு பஸ் டிக்கெட்டைக் கிழித்து என் பின்கால் குதிகாலுக்கு அடியில் பாதி செருகுவார். அந்த மெல்லிசு பஸ் டிக்கெட்தான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வெளியே நீட்டியிருக்கும் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார். "இச்" என்பார், ஜப்பானிய மொழியில் ஒன்று. நின்ற இடத்திலேயே கியாகு-ஸுக்கி, பின்கை குத்து. குத்துகிற அதே நொடியில் டிக்கெட்டை இழுப்பார். அது வழுக்கிக்கொண்டு முழுசாக வெளியே வரும். "இன்னொண்ணு" என்று மறுபடியும் செருகுவார். சித்திரையில் தொடங்கியது, மழைக்காலம் வந்துவிட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்த பையன்கள் அடுத்த கட்டாவுக்குப் போய்விட்டார்கள். நான் டிக்கெட்டோடு நின்றிருந்தேன்.

ஒரு நாள் அவர் இழுக்க, டிக்கெட் கிழிந்தது. பாதி அவர் விரலில், பாதி என் குதிகாலுக்கு அடியில். அவர் அந்தப் பாதியைச் சற்று நேரம் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, அந்தக் கால்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை செருகினார், குத்தினேன், இழுத்தார். டிக்கெட் முழுசாக வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நேத்து சரியா வந்துச்சே சார்" என்றேன். அவர் இன்னொரு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "நேத்து சோறு தின்னேல்ல? இன்னைக்குப் பசிக்குதா இல்லையா?" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தில் அந்த ஆறு மாதத்தைப் படித்தபோது அந்த மைதானத்து மண் என் காலில் ஒட்டிய மாதிரி இருந்தது.

நீங்கள் மகனோடு உங்களை ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அவன் மூட்டு வேறு, உங்கள் மூட்டு வேறு. அவன் நாளெல்லாம் ஓடுகிறான், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்குக் கெண்டைக்காலும் இடுப்பின் முன்பக்கமும் இறுகிப்போயிருக்கும். அதனால் நீளமாகக் காலை அகட்டி நின்றால் குதிகால் தரையில் நிற்காது. டெஸ்ட்டில் உங்களை நிறுத்தியதற்கு இதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. நிலையை ஒரு சாண் குறைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை.

வயதைக் கேட்டிருந்தீர்கள். 1922-ல் ஃபுனகோஷி ஒரு செயல்விளக்கத்துக்காக டோக்கியோ போய் அங்கேயே தங்கியபோது அவருக்கு 53 வயது. மனைவி மக்கள் ஒகினாவாவில். ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வாசல் பக்கத்துச் சின்ன அறையில் இருந்துகொண்டு, பகலில் அறைகளைக் கூட்டினார், தோட்டத்தைப் பெருக்கினார். விடுதிச் சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்து, அதற்குப் பதிலாகச் சாப்பாட்டுக் காசைக் குறைத்துக்கொள்ளச் செய்தார். ஷோட்டோகான் என்று நீங்கள் பெயர் சொல்கிற அத்தனையும் அதற்குப் பிறகு வந்தது. அவர் 88 வயது வரை வாழ்ந்தார்.

நோட்டுப் போட்டே தீருவேன் என்றால் மார்க் போடாதீர்கள். இடைவிடாமல் யோசி, வழி கண்டுபிடி என்பது அந்த 20 விதிகளில் கடைசி விதி. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதுங்கள், அது உடம்பைப் பற்றி இருக்கட்டும். 'இன்று வலது தோள் ஏறியது.' 'திரும்பும்போது பார்வை கீழே போனது.' அவ்வளவு போதும். கிளாஸ் இல்லாத நாளில் இருபது நிமிடம் வீட்டில் செய்யுங்கள். உடம்பு முடியாத நாளில் ஒரே ஒரு கட்டா, மெதுவாக. அந்தச் சிரட்டையை மட்டும் தள்ளாமல் விட்டுவிடாதீர்கள்.

நானும் நாளைக் காலை மொட்டைமாடிக்குப் போகிறேன். நீங்கள் இன்று ராத்திரியே மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்துச் சின்னதாக மடித்து உங்கள் பின்கால் குதிகாலுக்கு அடியில் செருகச் சொல்லுங்கள். நீங்கள் குத்தும்போது அவன் இழுக்கட்டும்.