இடது கால் இழுக்கிறது: லண்டன் தங்கைக்கு வந்த அதே நோயா?

கேள்வி: எனக்கு வயது 47, ஊர் தேவகோட்டை. இரண்டு வருடமாக இடது கால் மெல்ல மெல்ல இழுக்கிறது. வீட்டு நிலைப்படியில் அடிக்கடி தட்டுகிறது. மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மெல்லக் கூடிக்கொண்டே போகும் வகை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக (எம்.எஸ்.) இருக்கலாம் என்றார்கள். லண்டனில் பிறந்து வளர்ந்த என் சித்தப்பா மகளுக்கும் 28 வயதில் இதே நோய் வந்தது. கண் மங்கி, ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் சரியாகவில்லை? இது வெள்ளைக்காரர்களின் நோய் என்கிறார்களே?

பதில்: ஆச்சி, நோய் ஒன்றுதான், அதன் போக்குதான் வேறு. மூளை, தண்டுவட நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்பு அணுக்களே அரித்துவிடுகின்றன. இந்நோய் வருகிறவர்களில் 100க்கு 85 பேருக்கு உங்கள் தங்கையைப் போல விட்டு விட்டுத்தான் தொடங்கும். அது பெரும்பாலும் 30 வயதையொட்டி வரும், பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். மீதிப் பேருக்கு முதல் நாளிலிருந்தே ஏறுமுகம். அது 40 வயதை ஒட்டியோ தாண்டியோ வரும், ஆண் பெண் ஏறக்குறைய சரிபாதி. தண்டுவடம் அடிபடுவதால் முதலில் கால்தான் காட்டிக் கொடுக்கும்.

தங்கைக்கும் ஒன்று சொல்லுங்கள். விட்டு விட்டு வந்தவர்களிலும் பலருக்குப் பிற்பாடு இதே ஏறுமுகம் தொடங்கலாம், அதுவும் பெரும்பாலும் 40களில்தான். கண் தெளிந்துவிட்டது என்று மருந்தை விட்டுவிட வேண்டாம்.

வெள்ளைக்காரர்களின் நோய் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பிரிட்டனில் லட்சம் பேரில் ஏறக்குறைய 200 பேருக்கு இது உண்டு. நம் நாட்டில் இதுவரை எடுத்த கணக்குகளில் பத்துக்குள்தான். ஆனால் இங்கிருந்து போனவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளிடம், பெற்றோரைவிட அதிகமாக வருகிறது. வளரும் வயதில் வெயிலும் வைட்டமின் டியும் குறைவது, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்று, புகைப்பழக்கம் எல்லாம் இதில் சேரும். பர்மா, மலேயா என்று போன குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம், இடம் மாறினால் உடம்பும் மாறும் என்பது நமக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு ஊனம் சீக்கிரம் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். உடல்கூறு ஒரு காரணமாக இருக்கலாம், மருந்து தாமதமாகக் கிடைப்பது இன்னொரு காரணம்.

நம்மூரில் என்னை வருத்துவது அந்தத் தாமதம்தான். கால் இழுத்தால் முதுகுத் தேய்மானம் என்று எண்ணெய் தேய்த்தே இரண்டு வருடம் போய்விடுகிறது. அதே சமயம், வேறு நோய்க்கு இந்தப் பெயர் விழுந்துவிடவும் கூடாது. கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்துகிறதா, பி12 குறைவா (சைவச் சாப்பாடு என்றால் கட்டாயம்) என்று பார்த்தாக வேண்டும். கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற நோயை முன்பு எம்.எஸ். என்றே எழுதிவந்தோம். 2004இல் அதற்கென்று தனி எதிர்ப்புப் பொருள் கண்டுபிடித்த பிறகுதான் வேறு நோய் என்று உறுதியானது. அது மெல்ல ஏறுவது அபூர்வம். ஆனாலும் அந்த எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள், ஏனென்றால் எம்.எஸ்.ஸுக்குத் தரும் சில ஊசிகள் அந்த நோயை மோசமாக்கிவிடும். முதுகுத் தண்டு நீரைப் பரிசோதிக்கச் சொன்னால் பயப்படாமல் சம்மதியுங்கள்.

சித்திரை வெயிலில் வளவு முற்றத்தைக் கடந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் கால் துவண்டு, நிழலில் உட்கார்ந்ததும் சரியானால், அது சூட்டால் வரும் தற்காலிகத் தளர்ச்சி. நோய் கூடிவிட்டது என்று கலங்காதீர்கள். குளித்த கையோடு வழுவழுப்பான ஆத்தங்குடித் தரையில் நடக்கும்போது மட்டும் யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலிலிருந்தே ஏறும் வகைக்கு 2017இல்தான் முதல் மருந்தாக ஆக்ரெலிசுமாப் ஒப்புதல் பெற்றது. போன பலத்தை அது திருப்பித் தராது, ஏறும் வேகத்தைக் குறைக்கும். தொடங்குமுன் மஞ்சள் காமாலை பி வைரஸும் காசநோயும் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். பிசியோதெரபியை இன்றே தொடங்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் இருக்கிறது, சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

அப்புறம், மருத்துவரிடம் போகும்போது தினமும் போடும் பழைய செருப்பையே போட்டுப் போங்கள். இடது செருப்பின் முனை மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தால் எடுத்துக் காட்டுங்கள். கால் எப்படி இழுக்கிறது என்பதை அவர் அதிலேயே பார்த்துவிடுவார்.