பெருக்காத இடம்

அன்புள்ள அக்கா,

மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்து வாசலில் பெரிய புங்கை மரம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அதன் அடியில் பத்துப் பதினைந்து கன்றுகள் முளைக்கின்றன. தாய்மரம் வேர் வழியாகத் தன் கன்றுகளுக்கு உணவு ஊட்டும் என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து நான் எதையும் பிடுங்க விடுவதில்லை. தினமும் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கச் சொல்லி, தண்ணீரும் ஊற்றுகிறேன். ஆனாலும் ஒன்றுகூட முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. பாதிக்கு மேல் கோடையில் கருகிவிடுகின்றன. தாய் பக்கத்திலேயே இருந்தும் பிள்ளைகள் ஏன் இப்படி? உங்களைப் போன்ற ஆலமரத்தின் நிழலில் வளரும் எங்களுக்கு விளக்க வேண்டும்.

எஸ்., மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தக் கடைசி வரி. என்னை ஆலமரம் ஆக்காதீர்கள். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் வலி வந்திருக்கிறதே தவிர விழுது எதுவும் இறங்கவில்லை. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1989இல் அடித்த புயலில் அதன் நடுமரம் சாய்ந்தது. சுற்றி நிற்பவற்றைப் பிள்ளைகள் என்று சொல்லி எல்லோரும் உருகுகிறார்கள். அவை விழுதுகள், அதே மரம்தான். ஆலின் நிஜப் பிள்ளை காக்கை வயிற்றில் ஏறிப் போய் யார் வீட்டு மொட்டைமாடிச் சுவரிலோ முளைத்துக்கொண்டிருக்கும்.

காணொளி விஷயத்தை நீட்ட விருப்பமில்லை. கனடாவில் சூசன் சிமார்ட் என்ற காட்டியல் ஆய்வாளர் செய்த சோதனை 1997இல் வெளியானது. பிர்ச் கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் இடையே கரிமம் போய்வருவதை அது காட்டியது. இரண்டும் வேறு வேறு இனம். இதில் தாய் எது, பிள்ளை எது? தாய்மரம் என்ற பேச்செல்லாம் பிறகு வளர்ந்தது. 2023இல் அதே துறையைச் சேர்ந்த மூன்று பேர் அதுவரை வந்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காட்டு மரம் தன் கன்றாகத் தேடி ஊட்டுகிறது என்பதற்குக் களத்தில் சான்றில்லை என்று எழுதிவிட்டார்கள். மடிப்பாக்கத்துப் புங்கையில் அந்தத் தொட்டிலைக் கட்ட வேண்டாம்.

சொல்லப்போனால் தாய்க்கு நேர் கீழேதான் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். சூழலியல் ஆய்வாளர்கள் டேனியல் ஜான்சென் 1970இலும் ஜோசப் கானெல் 1971இலும் தனித்தனியாகச் சொன்ன கருத்து இது. தாய்மரத்தைத் தின்னும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேயே குடியிருக்கும், கன்றுக்கென்று தனியாக வர வேண்டியதில்லை. உங்கள் புங்கை இலையில் மரு மருவாக எழும்பியிருக்கும், பாருங்கள். ஒரு நுண்சிலந்தியின் வேலை. கன்றின் இலையையும் திருப்பிப் பாருங்கள்.

நிழல் பொய்யில்லை. சித்திரை வெயிலில் பிஞ்சுத் தண்டுக்கு அது உயிர். ஆனால் மேலிருக்கும் இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு நம் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத கடுஞ்சிவப்பைத்தான் அதிகம் கீழே விடும். வெளிச்சம் பிடிக்கிற அவசரத்தில் கன்று நோஞ்சானாக நீளும், இல்லையென்றால் வளராமல் காத்திருக்கும். எத்தனை வருடம் காத்திருக்கும் என்பதற்கு எங்கள் தெருக் கதை ஒன்று இருக்கிறது. அதற்கு முன் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும்.

தினமும் பெருக்கச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் பெருமையாக! அந்த ஒரு வரியைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். வெயிலில் மண் காயாமல் மூடுவது சருகு. மழைத்துளி மண்ணைக் கரைக்காமல் தாங்குவது சருகு. மட்கி மண்ணாவதும் அதுதான். நிழலை விட்டால் மரம் தன்னடியில் நிற்பவற்றுக்குத் தருவது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். அதைக் காலை ஆறு மணிக்கு சர் சர்ரென்று கூட்டி, மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நர்சரியில் போய் மண்புழு உரம் பாக்கெட் வாங்குவோம். கேட்டால் பூச்சி பொட்டு வரும் என்பார்கள். வரட்டுமே! மரவட்டை வராமல் இலை எப்படி மட்கும்? மாசி, பங்குனியில் புங்கை மொத்தமாகக் கொட்டுகிறது. அடுத்து வருவது அக்கினி நட்சத்திரம். அந்த நேரம் பார்த்துப் போர்வையை உருவிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கன்று கருகாமல் என்ன செய்யும்? கிண்டிக் காட்டில் துடைப்பம் யார் கையில் இருக்கிறது?

சரி, கதைக்கு வருகிறேன். ஆதம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் கீழே ஓர் இஸ்திரி வண்டி. வண்டிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு முழம் இடம், துடைப்பம் நுழையாது, ஆடும் நுழையாது. சருகு கணுக்கால் அளவு கிடக்கும். அதில் காக்கையோ மைனாவோ போட்ட விதையில் ஒரு வேம்பு முளைத்து, வருடக்கணக்கில் முழங்கால் உயரத்திலேயே நின்றது. நான்தான் ஒருநாள் இஸ்திரிக்காரரிடம், “சவலைப் பிள்ளை மாதிரி நிக்குதே, பிடுங்கிடலாமே” என்றேன். சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னாத்துக்குமா புடுங்கணும்? அது பாட்டுக்குக் கீது. உங்களாண்ட சோறா கேக்குது?” என்றார்.

2016 டிசம்பர் 12, வர்தா. முதலில் வடக்கிலிருந்து அடித்தது. பிறகு காற்று நின்றுபோய், தெருவில் எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்த்தோம். புயலின் கண் நம் தலைக்கு மேலே இருந்திருக்கிறது. மறுபடி தெற்கிலிருந்து அடித்தபோது தூங்குமூஞ்சி வேரோடு சாய்ந்தது. நல்லவேளை, சாலைப் பக்கம். மறுநாள் வண்டி இருந்த இடத்தில் வானம்தான் இருந்தது. அவ்வளவு வெளிச்சத்தை அந்த முனையில் நான் பார்த்ததே இல்லை. இஸ்திரிக்காரர் ஒடிந்த கிளைகளுக்குள் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டியைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். வேம்பைச் சுற்றி நான்கு கொம்பு நட்டு, பழைய லுங்கியைக் கிழித்துக் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அடுத்த ஆடியில் அது என் உயரம். ஊரடங்குக் காலத்தில் முதல் மாடி ஜன்னலை எட்டிவிட்டது. அத்தனை வருடமும் அது சும்மா நிற்கவில்லை, அடியில் வேரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நான் பிடுங்கச் சொன்னதை அவர் இன்றுவரை குத்திக் காட்டியதில்லை. எனக்குத்தான் அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் கூசும்.

உங்கள் கேள்வியை விட்டு எங்கேயோ போய்விட்டேன். ஐப்பசி மழை பிடித்ததும் திடமான கன்றுகள் இரண்டைத் தாய்மண்ணோடு பெயர்த்து, புங்கைக்குக் கொஞ்சம் தள்ளி, வெயில் படுகிற இடத்தில் நடுங்கள். மற்றவை காத்திருக்கட்டும். பெருக்குகிற அம்மாவிடம் மரத்தடியை விட்டுவிடச் சொல்லுங்கள். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லிவைத்தது நீங்கள்தானே.