சுவர் இல்லாத எதிரொலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில மாதங்களாக இரவில் ஒரு வகை இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோதிக் என்கிறார்கள், எதீரியல் என்கிறார்கள். மெதுவாக அதிரும் பெரிய முரசு, தேவாலயத்துக்குள் பாடுவதுபோல நீண்டு கரையும் ஒரு பெண்குரல், அடியில் தம்பூரா போல ஒரு ரீங்காரம். பாடல்களின் பெயர்கள் எல்லாம் நெபுலா, சனியின் வளையம், ஒளியாண்டு என்றே இருக்கின்றன. கண்ணை மூடினால் எங்கோ மிதப்பதுபோல இருக்கிறது.

ஆனால் நான் சிறுவயதில் ஏழு வருடம் வாய்ப்பாட்டு கற்றவள். இதில் வரும் கீழைத்தேயச் சாயல் சில நேரம் உறுத்துகிறது. அது மேலே தூவிய வாசனைப்பொடி மட்டும்தானா? விண்வெளியில் காற்றும் இல்லை, ஒலியும் இல்லை. அப்படியிருக்க இந்த இசையைக் கேட்டால் ஏன் விண்வெளி நினைவு வருகிறது? சொற்களும் புரிவதில்லை. புரியாமலே அழுகை வருவது சரியா? எதிலிருந்து தொடங்கிக் கேட்பது என்றும் சொல்லுங்கள்.

– ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் பல வருடங்களாக இந்த இசையோடு வாழ்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

பெயர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களின் கடைசியில் பிரிட்டனில் பங்க் இசையின் கோபம் தணிந்தபோது, அதிலிருந்து இருண்ட ஒரு கிளை பிரிந்தது. அதுதான் கோதிக். அந்தக் கிளையிலிருந்து 80களின் தொடக்கத்தில் இன்னும் மென்மையான ஒன்று பிரிந்தது. அதைத்தான் எதீரியல் என்கிறார்கள். கிதாரின் கூர்மையை மழுக்கி, குரலைப் பனிமூட்டம்போல விரித்தார்கள். 1980-இல் லண்டனில் தொடங்கிய ஃபோர் ஏடி என்ற இசைநிறுவனம் இதற்குத் தாய்வீடு மாதிரி. ஸ்காட்லாந்தின் காக்டோ ட்வின்ஸ் குழுவும், மெல்போர்னில் 1981-இல் உருவாகி அடுத்த வருடமே லண்டனுக்குப் போன டெட் கேன் டான்ஸ் குழுவும் அங்கிருந்துதான் வெளிவந்தார்கள். பெயர் அவ்வளவுதான். உங்கள் கேள்வி அதைவிடப் பெரியது.

எதிரொலி என்பது உண்மையில் சுவரின் ஒலி. 17 மீட்டர் தள்ளி நிற்கும் சுவரில் பட்டு நம் குரல் திரும்பிவர ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். காது இதைக் கணக்குப் போட்டு, எவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறோம் என்று இருட்டிலும் நமக்குச் சொல்லிவிடும். கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்தில் ஒரு சுரம் ஐந்தாறு விநாடிகூட நின்று கரையும். கோதிக் இசை அந்தக் கல்கட்டடத்தைத்தான் ஒலியில் கட்ட ஆசைப்பட்டது. 1976-இலும் 1978-இலும் டிஜிட்டல் முறையில் எதிர்முழக்கத்தை உண்டாக்கும் இயந்திரங்கள் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்தன. அதற்குப் பிறகு முழக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம் என்று ஆனது. பத்து விநாடி, இருபது விநாடி என்று நீட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் காது சுவரைத் தேடுவதை விட்டுவிடுகிறது. இவ்வளவு பெரிய கட்டடம் பூமியில் இருக்க முடியாது என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. தேவாலயம் விண்வெளியாக மாறுவது அந்தக் கணத்தில்தான் என்று நினைக்கிறேன். பாடலின் பெயரில் நெபுலா இருப்பதும் இல்லாததும் அப்புறம்தான்.

ஆனால் முழக்கம் மட்டும் போதாது. கீழைத்தேயம் உள்ளே வருவது இங்கேதான். தம்பூரா கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. மேற்கத்திய இசையில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், நகர்ந்துகொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய், கடைசியில் வீட்டுக்குத் திரும்பும். கேட்பவருக்கு நடந்துபோகும் உணர்வு வரும். சுருதி நடக்காது. தம்பூராவில் பஞ்சமம், சட்ஜம், சட்ஜம், கீழ்ச்சட்ஜம் என்று நான்கு தந்திகள், அவற்றைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின் மேல் ஒரு ஜீவா நூல். அந்த நூல் சரியான இடத்தில் அமர்ந்துவிட்டால் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகவே எழுந்து மிதக்கும். ஒருமுறை சுருதிப்பெட்டியை அணைக்க மறந்து தூங்கிவிட்டேன். நடுராத்திரியில் விழித்தபோது அறை எங்கே முடிகிறது என்று சில விநாடிகள் தெரியவே இல்லை. எதிரொலி பெரிய இடத்தைக் காட்டுகிறது. சுருதி இடத்தையே மறக்கடித்துவிடுகிறது. இரண்டும் சேரும்போதுதான் நீங்கள் சொல்லும் மிதப்பு வருகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான சாட்சி கோதிக் பிறப்பதற்கு முன்பே கிடைக்கிறது. ஜெர்மனியில் ஃப்ளோரியன் ஃப்ரிக்கே என்பவர் 1970-இல் தன் பொப்போல் வூ குழுவோடு வெளியிட்ட முதல் ஆல்பம் பெரிய மோக் சிந்தசைசரை நம்பியிருந்தது. அந்தக் காலத்து ஜெர்மன் இளைஞர்கள் பலர் அண்டவெளி இசை என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மின்கருவிதான் அதற்கு ராக்கெட் என்று நம்பினார்கள். ஃப்ரிக்கே இரண்டே வருடத்தில் அந்த இயந்திரத்தை ஒதுக்கிவிட்டார். 1972-இல் வந்த ஹோசியானா மந்த்ரா ஆல்பத்தில் பியானோ, ஹார்ப்சிகார்ட், ஓபோ, கிதார், வயலின், தம்பூரா, ஜோங் யுன் என்ற கொரியப் பாடகியின் குரல், இவ்வளவுதான். தாளக்கருவியே கிடையாது. அதைக் கேட்டுப் பாருங்கள். சிந்தசைசர் இருந்தபோது தெரிந்ததைவிட வானம் இதில் பெரிதாகத் தெரியும்.

சரி, வாசனைப்பொடிக்கு வருவோம். உங்கள் உறுத்தல் நியாயமானது. இந்த வகையில் வரும் பாடல்கள் நிறையவற்றில் கிழக்கு என்றால் இரண்டு சுரவரிசைகள்தான். ஒன்று நம் வகுளாபரண ராகத்தின் சுரங்கள், இன்னொன்று மாயாமாளவகௌளை ராகத்தின் சுரங்கள். சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவும் அந்த இடைவெளியை அமானுஷ்யம், பாலைவனம், பழைய சாபம் என்பதற்கெல்லாம் அடையாளமாக வைத்துவிட்டார்கள். நீங்கள் முதல் நாள் சரளி வரிசை பாடியதே மாயாமாளவகௌளையில்தானே! ஒரு குழந்தை வாயைத் திறந்து இசைக்குள் நுழையும் ராகம் அது. அதைப் போய்ப் பேய்வீட்டின் கதவுச்சத்தமாக ஆக்கும்போது எனக்கும் வலிக்கிறது. சுரங்களை எடுத்துக்கொண்டார்கள், அவற்றை அசைத்து வளைக்கும் கமகத்தை எடுக்கவில்லை. கமகம் இல்லாத இடத்தில் ராகம் எங்கிருந்து வரும்?

ஆனால் எல்லோரையும் அந்தக் கூடையில் போட எனக்கு மனம் வரவில்லை. டெட் கேன் டான்ஸின் லிசா ஜெரார்ட் மெல்போர்னில் கிரேக்க, துருக்கிய, அரபுக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர். ஜன்னல் வழியாக வந்த குரல்கள்தான் அவருக்குக் கிழக்கு. அவர் வாசிக்கும் யாங்சின் சீனாவின் தந்திக்கருவி, மெல்லிய மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிப்பது. அதை அவர் அலங்காரத்துக்குத் தொடுவதில்லை, பாட்டே அதிலிருந்துதான் கிளம்புகிறது. தென்னிந்திய வேர்கள் கொண்ட பிரிட்டிஷ் பாடகி ஷீலா சந்திரா இன்னும் ஒரு படி மேலே போனார். 1996-இல் அவர் வெளியிட்ட ஓர் ஆல்பம் முழுக்கச் சுருதிகளால் ஆனது. மெட்டு என்று தனியாக எதையும் முன்னால் வைக்காமல், ரீங்காரத்துக்குள் எழும் மேற்சுரங்களை நாமே கேட்டுக் கண்டுபிடிக்கும்படி விட்டார். கோதிக் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் நீங்கள் தேடும் இடத்துக்கு அவர்தான் மிக அருகில் போனவர் என்பது என் எண்ணம்.

சொற்கள் புரியாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். லிசா ஜெரார்ட் பாடுவது பெரும்பாலும் எந்த மொழியும் இல்லை, அவராகவே சிறுவயதிலிருந்து பாடிப் பாடி உண்டாக்கிக்கொண்ட ஒலிகள். காக்டோ ட்வின்ஸின் எலிசபெத் ஃப்ரேசரும் பல பாடல்களில் பொருளைவிட ஒலிக்காகவே சொற்களைத் தேர்ந்தவர். இது உங்களுக்குப் புதிதா என்ன? ஆலாபனையில் என்ன சொல் இருக்கிறது? தானம் பாடும்போது வரும் அசைகளை 'அனந்தம்' என்ற சொல்லிலிருந்து வந்தவை என்பார்கள். முடிவில்லாதது என்று பொருள். புரியாமல் அழுகை வருவது சரியா என்று கேட்டிருந்தீர்கள். ஆலாபனைக்கு அழுதவர்கள் எல்லோரும் அப்படி அழுதவர்கள்தான்.

கடைசியாக, விண்வெளியில் ஒலி இல்லை என்பது. பொதுவாகச் சரிதான், முழுக்கச் சரியில்லை. பெர்சியஸ் விண்மீன்திரள் கொத்து நம்மிடமிருந்து சுமார் 25 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதற்குள் சூடான வாயு நிரம்பியிருக்கிறது. நடுவில் இருக்கும் கருந்துளை அந்த வாயுவில் அழுத்த அலைகளை எழுப்புவதைச் சந்திரா என்ற எக்ஸ்-கதிர் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு 2003-இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். அழுத்த அலை என்றால் ஒலிதான். சுரமாகச் சொன்னால், பியானோவின் நடு சி-க்கு 57 ஸ்தாயி கீழே பி ஃப்ளாட் என்ற சுரம். ஓர் அதிர்வு முடிய ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு ஆகும். 2022-இல் நாசா அதை நம் காதுக்கு எட்டும் அளவுக்கு உயர்த்தி வெளியிட்டபோது நான் கேட்டேன். மெட்டு இல்லை, தாளம் இல்லை. கனத்த, முனகலான ஒரு சுருதி.

நீங்கள் ஹோசியானா மந்த்ராவில் தொடங்குங்கள். பிறகு டெட் கேன் டான்ஸின் 1988 ஆல்பம் தி சர்ப்பென்ட்ஸ் எக். அதன் முதல் பாட்டில் குரல் எழும்புவதற்கு முன் அடியில் ஓடும் நீண்ட சுரத்தைக் கவனியுங்கள். ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டு, இன்னொரு நாள் அறையை இருட்டாக்கி ஸ்பீக்கரில் கேளுங்கள். அப்போது உங்கள் அறையின் சுவர்களும் சேர்ந்து பாடும். சுருதிப்பெட்டி இன்னும் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதே சுருதியில் சட்ஜம் பிடித்துக் கூடவே நில்லுங்கள். எப்படி இருந்தது என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.