6.40 வண்டி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இளங்கலை மூன்றாமாண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் மாதம் ஒருமுறை நான்கு பக்கச் செய்தித்தாள் ஒன்றை மாணவர்களே கொண்டுவருகிறோம். முதலாண்டு மாணவர்களுக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு மூன்றாமாண்டு மாணவர்களுடையது. என்னிடம் ஐந்து பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். அதிகாரிகளிடம் ஒரு கேள்வி கேட்கவே பயப்படுகிறார்கள்.

அவர்கள் எழுதித் தருவதைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுக்கிறேன். திருத்தி முடித்ததும் ஐந்தும் நான் எழுதியவை போலவே ஆகிவிடுகின்றன. ஒரு மாணவி தன் ஊருக்கு வரும் பஸ் பற்றி எழுதினாள். "போதிய பேருந்து வசதி இன்றி மாணவ, மாணவியர் பெரும் அவதிக்குள்ளாகி வருகின்றனர்" என்று தொடங்கியிருந்தாள். மொழியைச் சரிசெய்து, பாதியை வெட்டி வெளியிட்டோம். அதன் பிறகு அவள் எழுதவே இல்லை. ஆனால் கேன்டீனில் டீ குடிக்கும்போது அதே பஸ்ஸைப் பற்றி அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 6.40 வண்டியை விட்டால் அடுத்தது 8.10க்குத்தான், அதில் வந்தால் முதல் வகுப்பு போய்விடும், அதனால் அம்மா நான்கு மணிக்கே எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பூப்பறிக்கப் போகிறார் என்றாள். இதில் ஒரு வரிகூட அவள் எழுதியதில் இல்லை.

இரண்டு பேர் கைபேசிச் செயலியில் எழுதவைத்துக் கொண்டுவருகிறார்களோ என்றும் சந்தேகமாக இருக்கிறது. எங்கள் பேராசிரியர் ஒருவர், மாணவர்களுக்கு மாணவர்கள் இதழியல் கற்றுக்கொடுக்க முடியாது, பத்திரிகையில் வேலை செய்கிறவர்கள்தான் வந்து சொல்லித்தர வேண்டும் என்கிறார். அவர் சொல்வது சரியா? நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டிருக்கிறார்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்துக்குள் ஒரு முழுச் செய்தி இருக்கிறது. 6.40, 8.10, அதிகாலை நான்கு மணி. இந்த மூன்று நேரங்களையும் அடுத்தடுத்து வைத்தாலே ஒரு வீட்டின் அன்றாடம் ஒரு பஸ்ஸை ஒட்டி ஓடுவது தெரிந்துவிடுகிறது. பல ஆண்டுகள் பழகிய மாவட்ட நிருபருக்குக்கூட இப்படியொரு முகப்பு எளிதில் கிடைக்காது. அந்த மாணவி செய்தியைச் சேகரித்துவிட்டார். சரியான ஆளிடம் சொல்லியும் விட்டார். எழுத உட்கார்ந்தபோதுதான் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டார்.

ஏன் அப்படிச் செய்தார்? செய்தி என்றால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு மிக நன்றாகத் தெரியும், அதனால்தான். சிறு வயதிலிருந்து அவர் பார்த்த தாள்களில் பஸ் வராத ஊர் மக்கள் எல்லாரும் அவதிக்குள்ளாகிறார்கள். விபத்து நடந்த இடத்திலெல்லாம் பரபரப்பு ஏற்படுகிறது. ஒவ்வொரு சாவும் அப்பகுதியைப் பெரும் சோகத்தில் ஆழ்த்துகிறது. இந்த வரிகள் பிறந்ததற்குக் காரணங்கள் உண்டு. பகுதிநேரச் செய்தியாளர் ஒரே நாளில் ஐந்தாறு செய்திகளைத் தொலைபேசியில் சொல்வார். இரவுப் பதிப்பு முடியும் நேரத்தில் துணையாசிரியர் அவற்றை நான்கு நான்கு வரிகளாகச் சுருக்குவார். மேற்கொண்டு விசாரிக்க அவகாசம் இல்லாதபோது, யாரும் மறுக்க முடியாத ஒரு பொதுவான வரி கைகொடுக்கும். நேரமில்லாதவர்கள் கட்டிய வரிகள் அவை. உங்கள் மாணவர்களுக்கோ முழுதாக ஒரு மாதம் இருக்கிறது. அவர்கள் ஏன் அந்த வரிகளை இரவல் வாங்க வேண்டும்?

தன் அம்மா எழுந்திருக்கும் நேரம் செய்தியில் இடம்பெறத் தகுந்தது என்று அந்தப் பெண் நம்பவில்லை. அவரை நம்பவைப்பதுதான் உங்கள் முதல் வேலை. ஒற்றுப்பிழை திருத்துவதெல்லாம் அதற்கு வெகுநேரம் கழித்து.

உங்கள் பேராசிரியர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன். மற்றப் பாதியில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. பத்திரிகையாளர் ஒருவர் வகுப்புக்கு வந்தால் முதலாண்டு மாணவர்கள் எழுந்து வணக்கம் சொல்வார்கள், குறிப்பெடுப்பார்கள், சந்தேகம் உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள். கேன்டீனில் உங்களை அக்கா என்று அழைத்து, அம்மா பூப்பறிக்கப் போவதைச் சொன்ன பெண்ணும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அவருடைய அந்தப் பேச்சு விருந்தினருக்கும் கேட்காது, பேராசிரியருக்கும் கேட்காது. இரண்டு வயது மூத்தவருக்குத்தான் கேட்கும். மூத்த மாணவர் கற்றுக்கொடுக்கும் ஏற்பாட்டின் பலம் முழுவதும் அங்கே இருக்கிறது. நீங்கள் அதை விட்டுவிட்டுச் சிவப்பு மையைக் கையில் எடுத்தால், உங்களைவிட ஒரு சுமாரான துணையாசிரியர் அந்த வேலையை நன்றாகவே செய்துவிடுவார்.

தமிழ்நாட்டு இதழியலின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து' 80 பிரதிகளோடு வாரப் பத்திரிகையாக வெளிவந்தபோது அதைத் தொடங்கிய ஆறு பேரில் நால்வர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், இருவர் ஆசிரியர்கள். அந்த இருவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயருக்கு வயது 23. அவர்கள் ஒருவரிடம் ஒருவர்தான் கற்றுக்கொண்டார்கள். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதி, அங்கிருந்து சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரன் நாளிதழில் சேர்ந்தது இதே சுப்பிரமணிய ஐயரிடம்தான். ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்கும் வேலை அது. பாரதிக்கு ஒரு பெரிய ஆசான் கிடைத்தார். ஆனால் அந்த ஆசான் தொழில் பழகியது தன் வயதொத்தவர்களோடு.

நம் காலத்திலும் பார்க்கலாம். மதுரைக்காரரான புகைப்படக் கலைஞர் எம். பழனி குமாரின் தாயார் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். பழனி குமார் இன்று தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளிடமும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளிடமும் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார். தங்கள் வீட்டையும் தெருவையும் படமெடுக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? வெளியிலிருந்து வருகிற நிபுணர் இதே வார்த்தைகளைச் சொன்னாலும் அது அவர்கள் மனதில் அப்படி இறங்காது.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. எழுதிய தாளை வாங்குவதற்கு முன்னால் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள். என் அனுபவத்தில், புதிதாக எழுத வருகிறவர்களின் குறிப்பேட்டில் இருக்கும் உயிரில் பாதிகூட அவர்கள் எழுதிய செய்தியில் இருப்பதில்லை. குறிப்பேட்டில் ஊர்ப்பெயர் இருக்கும், யாரோ கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியம் இருக்கும், ஒரு தொகை இருக்கும். செய்தியில் 'பொதுமக்கள்' மட்டும் இருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, "இதை ஏன் விட்டாய்?" என்று கேளுங்கள். குறிப்பேடு வெறுமையாக இருந்தால் எழுதியதைப் படிக்கவே வேண்டாம். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். செயலியில் எழுதவைக்கிறார்களோ என்ற உங்கள் சந்தேகத்துக்கும் இதுவே போதும். அந்த நிறுத்தத்தில் 6.40க்கு யார் யார் ஏறினார்கள் என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது.

பிறகு எழுதியவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையில் பேனா இருக்க வேண்டாம். படித்து முடித்ததும் உங்களுக்குத் தோன்றும் கேள்விகளை மட்டும் சொல்லுங்கள். அந்த பஸ் செய்தியையே எடுத்துக்கொள்வோம். 6.40 வண்டி எங்கிருந்து புறப்படுகிறது? ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும், உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது? 8.10 வண்டி எல்லா நாளும் வருகிறதா? ஒரு வாரம் நிறுத்தத்தில் நின்று நேரத்தைக் குறித்தாரா? அது 2021 மே முதல் பெண்கள் கட்டணமின்றிப் போகக்கூடிய சாதாரண வண்டியா, வேறு வகையா? பூப்பறிக்கப் போகிறவர்களுக்கும் அதே வண்டிதானா? கிளைப் பணிமனை மேலாளரிடம் பேசினாரா, நேரக் காப்பாளரிடமாவது கேட்டாரா? அவர்களுக்கும் ஒரு பதில் இருக்கும். ஓட்டுநர் பற்றாக்குறையாக இருக்கலாம், சாலை பழுதாக இருக்கலாம். அந்தப் பதில் இல்லாமல் அச்சேறினால் அது புகார்க் கடிதமாகவே நின்றுவிடும். இத்தனை கேள்விகளையும் கேட்டுவிட்டு, திருத்தி எழுதும் வேலையை முழுவதுமாக அவரிடமே விட்டுவிடுங்கள். ஒரு வரியைக்கூட நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதியே தீர வேண்டும் என்று கை துடித்தால் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவரிடம் காட்ட வேண்டாம்.

கேள்வி கேட்கும் பழக்கம் வர ஒரு பயிற்சி சொல்கிறேன். அடுத்த மழைக்காலத்தில் வைகை அணை நிரம்பும்போது உங்கள் ஐவரையும் ஒரு வெள்ள எச்சரிக்கைச் செய்தி எழுதச் சொல்லுங்கள். அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு அது விடுக்கப்படுகிறது. ஐவரில் நால்வராவது "வைகையில் வெள்ளப்பெருக்கு, மக்கள் பீதி" என்று தொடங்குவார்கள். எத்தனையாவது எச்சரிக்கை, அறிவித்தது யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு கன அடி திறக்கிறார்கள், ஆற்றங்கரையில் குடியிருப்பவர் இன்றிரவு வீட்டில் தூங்கலாமா கூடாதா என்று வரிசையாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான விடை எந்த வரியில் இருக்கிறதோ அதை முதல் வரியாக்கச் சொல்லுங்கள். செய்தியின் அமைப்பைப் பற்றி நீங்கள் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவதைவிட இதில் அவர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செய்தி என்றால் கனமான சொற்கள் வேண்டும் என்று உங்கள் மாணவர்கள் நினைக்கிறார்கள். 1942இல் இதே மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் நேர் எதிராக நினைத்தார். அதிகம் படிக்காதவருக்கும் புரிகிற தமிழில் எழுத வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். தமிழ்நாடு முழுவதும் டீக்கடை பெஞ்சுகளில் செய்தித்தாள் படிக்கும் பழக்கம் பரவியதில் அந்தப் பிடிவாதத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

எழுதுவதை நிறுத்திவிட்ட மாணவியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். செய்தியில் பாதியை வெட்டியது குற்றமில்லை, எல்லாப் பத்திரிகையிலும் வெட்டுவார்கள். எதை வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கேன்டீனில் அவர் சொன்னதை உங்கள் நினைவிலிருந்து எழுதி அவரிடம் கொடுங்கள். இதுதான் செய்தி, இதை நீதான் எழுத முடியும் என்று சொல்லுங்கள். அம்மாவைப் பற்றி எழுதுவதற்கு அம்மாவிடம் அனுமதி கேட்கச் சொல்லவும் மறக்காதீர்கள். செய்தி வெளிவரும்போது அந்த மாணவியின் பெயர் மட்டும் இருக்கட்டும். உங்கள் பெயர் துணைக்குக்கூட வேண்டாம்.

அதிகாரிகளைக் கண்டு வரும் பயத்துக்கு நல்ல மருந்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் ஒவ்வொரு ஊராட்சியிலும் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 18 வயது நிறைந்த உங்கள் முதலாண்டு மாணவர், பெயரைச் சேர்த்திருந்தால், தன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. வரவு செலவு வாசிக்கப்படும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடக் கூடாது. ஆனால் ஊரில் சாதிப் பகையோ தேர்தல் பகையோ கனன்று கொண்டிருந்தால் அந்த ஊருக்கு அவரை அனுப்பாதீர்கள். எழுதிய பிறகும் அவர் குடும்பம் அங்கேதான் வாழ வேண்டும். மூத்தவர் சொன்னால் முதலாண்டு மாணவர் மறுக்க மாட்டார். அதனால்தான் நீங்கள் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

பேராசிரியர் சொன்னதில் சரியான பாதி சட்டம் சம்பந்தப்பட்டது. அதை உங்கள் ஊகத்தால் கற்றுக்கொடுக்க முடியாது, கற்றுக்கொடுக்கவும் கூடாது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயரை மட்டுமல்ல, முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. சின்ன ஊரில் 'எட்டாம் வகுப்பு மாணவி' என்ற மூன்று சொல்லே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தற்கொலைச் செய்தியில் எதை விவரிக்கக் கூடாது, அவதூறு எங்கே தொடங்குகிறது, முதல் தகவல் அறிக்கையை எப்படிப் படிப்பது, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி 30 நாளில் பதில் வாங்குவது எப்படி, இவற்றையெல்லாம் தொழிலில் இருப்பவர்தான் சொல்லித்தர வேண்டும். அந்த 6.40 வண்டி ஓடும் தடத்தில் எத்தனை நடை இயக்க வேண்டும், எத்தனை இயக்கினார்கள் என்பதையே ஒரு மனுவாகப் போட்டுப் பழகலாம்.

ஆகவே பேராசிரியரிடம் சண்டை வேண்டாம். மதுரையில் இருக்கும் நிருபர் ஒருவரை மாதத்தில் ஒரு நாள் அழைத்துவரும்படி அவரிடமே கேளுங்கள். வருகிறவரிடம் எப்படி எழுதுவது என்று முதலில் கேட்காதீர்கள். கையில் முழுவதும் வைத்திருந்தும் அவர் வெளியிடாமல் விட்ட ஒரு செய்தியைப் பற்றிக் கேளுங்கள். ஏன் விட்டார் என்று ஐவரும் அவரைக் கேட்கட்டும்.