தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி: ஒரு நாள் பயிற்சி போதுமா?

(வாசகர் கேள்விகளுக்கு, ஆயுதப்படையில் சுடுபயிற்சி அளித்து ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: நானும் மனைவியும் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறோம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர், அடுத்த ஆண்டு சிவகிரி பக்கம் வயதான தம்பதி என்று கொலைச் செய்தி வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஒரு நாள் பழகினால் போதாதா? – வாசகர், காங்கேயம்

பதில்: சான்றிதழுக்குப் போதலாம் ஐயா, அரிவாளோடு வருகிறவனுக்குப் போதாது.

2016 ஆயுத விதிகள் கேட்கும் அந்தப் பயிற்சியில் துப்பாக்கியைக் கையாள்வது, சுடுவது, துடைத்து வைப்பது, பூட்டி வைப்பது எல்லாம் உண்டு. அதில் தேறினால் உங்களால் உங்கள் வீட்டாருக்கு ஆபத்து குறைவு என்று நம்பலாம். எதிரியைச் சமாளிப்பது வேறு பாடம்.

பணியில் இருந்தபோது, நின்று நிதானமாகக் கரும்புள்ளியில் சுடுகிற காவலரை மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு, வந்த வேகத்தில் சுடச் சொல்வேன். மூச்சு வாங்கும். விசையைப் பதமாக அழுத்தாமல் வெடுக்கென்று இழுப்பார். குழலின் முனை தாழும், குண்டு இலக்குக்குக் கீழே மண்ணில் புகும். சம்பளம் வாங்கிக்கொண்டு பழகுகிறவரின் கதியே இது. நீங்கள் நடுச்சாமத்தில், தூக்கக் கலக்கத்தில், மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் 1983-ல் ஒரு கணக்கு எழுதினார்: கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். உங்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் எத்தனை அடி? சாவி எங்கே இருக்கும்? பூட்டி வைத்தால் அவசரத்துக்குக் கை எட்டாது. தலையணைக்கு அடியில் வைத்தால் விடுமுறைக்கு வரும் பேரன் எடுப்பான். இந்தச் சிக்கலைப் பயிற்சியால் தீர்க்க முடியாது. எனவே பூட்டியே வையுங்கள். அரிவாளோடு வருகிறவன் பீரோ வரை வராமல் தாமதப்படுத்த வழி தேடுங்கள். உறுதியான கதவு, கம்பிக் கதவு, களத்தில் விளக்கு, இரண்டு நாய். துப்பாக்கிக்கு ஆகும் செலவை முதலில் இவற்றுக்குச் செய்யுங்கள் என்பேன்.

அப்படியும் வாங்குவதென்றால், மாவட்டத்தில் உள்ள ரைபிள் கிளப்பில் சேர்ந்து, முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. இதற்குக் குறைந்தால் கை மறந்துவிடும். லைசென்ஸிலேயே தோட்டாவுக்கு அளவு போட்டிருப்பார்கள் என்பதால், மருந்து இல்லாத போலித் தோட்டா போட்டு வீட்டில் பழகுவதுதான் அதிகம் இருக்கும். இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் மடக்கித் திறந்து, இரு குழலிலும் தோட்டா போடும் பின்புறத் துளையில் சுண்டுவிரலை விட்டுத் தோட்டா இல்லை என்று தடவிப் பாருங்கள். இருட்டிலும் இதைச் செய்ய வர வேண்டும். சுடுவதென்று முடிவு செய்யும் வரை விரல் விசைக்கு வெளியே. சுடும் திசையில் பண்ணையாள் குடியிருக்கும் வீடு இருக்கிறதா என்பதைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி எந்த அறையில் நின்று 112-க்குப் பேசுவார் என்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

சட்டத்தையும் படியுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. இரவில் வீட்டை உடைத்து நுழைகிறவனிடம் சட்டம் உங்களுக்கு நிறையவே இடம் தருகிறது. ஆனாலும் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. வெறுங்கையோடு வேலி தாண்டி ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு உயிருக்குப் பயந்தேன் என்றால் எந்த நீதிபதியும் முகத்தைச் சுளிப்பார்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த மாதங்களில் நாய்தான் காவல்.

கேள்வி: என் மகன் எச்-1பி விசாவில் டல்லாஸில் இருக்கிறான். அங்கே பயிற்சியே இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கலாமாம். வாங்கட்டுமா என்கிறான். – வாசகி, கோவை

பதில்: டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை இல்லாத, 21 வயது நிறைந்தவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது உண்மை. விரும்பி லைசென்ஸ் எடுப்பவருக்கும் நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு, 3, 7, 15 கஜ தூரத்தில் மொத்தம் 50 குண்டு, அவ்வளவுதான். நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும் கேட்கிறார்கள். ஒரே நாட்டுக்குள் இத்தனை வித்தியாசம்! என் கண்ணுக்கு நியூயார்க் கணக்கே குறைவு.

உங்கள் மகனுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை அம்மா. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மீறினால் சிறையும் விசா ரத்தும்தான். துப்பாக்கிக் கடைக்குப் போகும் முன் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.