முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டலாமா?

கேள்வி: என் பைக் ஒற்றை சிலிண்டர், ஐந்து கியர். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டுகிறேன். டாப் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது டேக்கோமீட்டர் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டர்) 6,600 காட்டுகிறது. அரை மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. இல்லாத ஆறாவது கியரைக் கால் தேடிக்கொண்டே இருக்கிறது. முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 14 பல், பின்னது 42. முன்னதை 16 ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வாங்கட்டுமா?

பதில்: 16 வேண்டாம். 15 பல் உள்ளதை வாங்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. அதை முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கணக்கு எளிது. பின் பல்லை முன் பல்லால் வகுத்தால் வருவது உங்கள் கடைசி விகிதம். இப்போது 42-ஐ 14-ஆல் வகுக்க 3.00. முன்னால் 15 போட்டால் 2.80. அதே 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் 6,160 சுற்று சுற்றினால் போதும். ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு. நண்பர் சொல்லும் 16-ஐப் போட்டால் விகிதம் 2.625, சுற்று 5,775. காகிதத்தில் இது அழகாகத் தெரியும். சாலையில் எதிர்காற்று அடிக்கும்போதுதான் உண்மை தெரியும்.

இப்போது சோதனை. 15 பல்லோடு 100-இல் போகும்போது எஞ்சின் சுற்றப்போகும் அதே 6,160-ஐ இன்றைக்கே உங்களால் கேட்க முடியும். டாப் கியரில் 93-இல் போனால் போதும். அடுத்த பயணத்தில் 93-இல் அரை மணி நேரம் நிலையாக ஓட்டுங்கள். கை மரத்துப்போகிறதா, கால்மிதி அதிர்கிறதா, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். 93-இல் நிம்மதியாக இருந்தால் ஒரு பல் உங்களுக்கு உதவும். 93-லும் அதே தொல்லை என்றால் அந்த ஸ்பிராக்கெட் உங்கள் விரல்களைக் காப்பாற்றாது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு சுற்றின் எண்ணிக்கையோடு கட்டுண்டது. பல்லை மாற்றினால் அது வேறொரு வேகத்துக்கு இடம் பெயரும், அவ்வளவுதான். சில வண்டிகளில் 90-இல் இருந்த கெட்ட இடம் மாற்றத்துக்குப் பிறகு 96-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் அதிகம் ஓட்டுவதும் அந்த வேகமாகவே இருந்துவிட்டால் போட்ட பணம் வீண்.

சோதனையின் இரண்டாம் பாதி எஞ்சினின் இழுக்கும் திறன். டாப் கியரில் 100-இல் போகும்போது ஆக்சிலரேட்டரில் இன்னும் எவ்வளவு திருப்ப இடமிருக்கிறது? லேசான ஏற்றத்தில் வேகம் நிற்கிறதா, அல்லது இப்போதே நான்காவது கியருக்கு இறங்குகிறீர்களா? இப்போதே இறங்குபவர் என்றால் பல் கூட்டுவதை மறந்துவிடுங்கள். காற்றைப் பிளக்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் மடியாக ஏறுகிறது. 80-இலிருந்து 100-க்குப் போனால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். சிறிய எஞ்சினிடம் மிச்சம் இருப்பதே கொஞ்சம். அதன் சுற்றையும் குறைத்தால் அந்த மிச்சமும் போய்விடும். பல்லைக் கூட்டிய பிறகு உச்ச வேகம் குறைந்துவிட்டது என்று சிலர் வியப்பதற்கும் காரணம் இதுதான்.

இதனால் எல்லாக் கியரும் நீளமாகிறது, அதாவது அதே சுற்றில் வண்டி கூடுதல் வேகத்தில் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முதல் கியரில் கிளம்பும்போது கிளட்சைச் சற்று நேரம் கூடுதலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். பின்னால் ஆளும் சுமையும் இருந்து, ஏற்றத்தில் நின்று கிளம்ப நேர்ந்தால் இது நன்றாகவே தெரியும். 15-இல் பொறுத்துக்கொள்ளலாம். 16-இல் நகர நெரிசலில் ஒரு வாரம் ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் சூடேறும், உங்களுக்கும் சலித்துவிடும்.

கேள்வி: முன்னால் ஒன்று கூட்டுவதா, பின்னால் குறைப்பதா? எது நல்லது?

பதில்: முன்னால் ஒன்று கூட்டுவதும் பின்னால் மூன்று குறைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். 14-க்கு 39 போட்டால் 2.79 வரும். முன் ஸ்பிராக்கெட் விலையும் குறைவு, மாற்றும் வேலையும் குறைவு. பெரிய முன் ஸ்பிராக்கெட்டில் செயின் குறைவாக மடங்குவதால் அதற்கும் நல்லது. ஒரு பல் கூடினால் பின் சக்கரம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் முன்னால் வந்தால் போதும். பழைய செயினே பெரும்பாலும் எட்டும். பின்னால் மூன்று பல் குறைத்தால் சக்கரத்தை ஒரு சென்டிமீட்டர் அளவு பின்னால் தள்ள வேண்டும். செயின் இறுக்கத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கத்துக்கு ஒரே ஒரு சிக்கல் உண்டு: இடம். என் பழைய பைக்கில் இரண்டு பல் பெரிதான ஸ்பிராக்கெட்டைப் போட்டு ஓட்டினேன். தாழ்வான கியரில் மெல்லிய கிறீச் சத்தம் வந்தது. செயினுக்கு எண்ணெய் இல்லை என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் முன் ஸ்பிராக்கெட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றினால், உள்ளே கருப்பாகக் கெட்டிப்பட்ட கிரீஸும் மண்ணும். அதைச் சுரண்டி எடுத்தபோது அலுமினியத்தில் செயின் அகலத்துக்கு வெள்ளி போலப் பளபளக்கும் ஒரு கோடு. ஒவ்வொரு சுற்றிலும் செயின் கவரை அராவிக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே புதியதை மாட்டியதும், கவரைப் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முழுதாகப் பல சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது உரசினால் அந்த அளவு உங்கள் வண்டிக்கு ஆகாது. கவரையே கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் காலுக்கும் சுழலும் செயினுக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான்.

கேள்வி: மாற்றிய பிறகு ஸ்பீடாமீட்டர் தவறாகக் காட்டுமா?

பதில்: அது வேகத்தை எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. முன் சக்கரத்திலிருந்து கேபிளோ சென்சாரோ போனால் எதுவும் மாறாது. பின் சக்கரத்தில் இருக்கும் சென்சாருக்கும் அப்படித்தான். கியர் பெட்டியிலிருந்து எடுக்கும் வண்டியாக இருந்தால் கவனம் தேவை: 14-லிருந்து 15-க்குப் போனதும் மீட்டர் முன்பைவிட ஏறக்குறைய 7 சதவீதம் குறைவாகக் காட்டும். முன்பு சரியாகக் காட்டிய மீட்டரில் 100 என்று பார்க்கும்போது நீங்கள் உண்மையில் 107-இல் போவீர்கள். ஓடிய தூரமும் குறைவாகவே பதிவாகும், அதனால் சர்வீஸ் தள்ளிப்போகும். இதைத் திருத்தும் சிறிய மின்னணுப் பெட்டிகள் கிடைக்கின்றன. அது வேண்டாம் என்றால், ஜிபிஎஸ் வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டு வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சுற்றையும் வேகத்தையும் வைத்துக் கியர் எண்ணைக் கணக்கிடும் வண்டிகளில் அந்த எண்ணும் தடுமாறக்கூடும்.

கேள்வி: மைலேஜ் கூடுமா?

பதில்: சமவெளியில், நிலையான வேகத்தில், எஞ்சினுக்குத் தெம்பு மிச்சமிருந்தால் கொஞ்சம் கூடும். அடிக்கடி கியர் இறக்கி ஆக்சிலரேட்டரை முறுக்கி ஓட்டினால் கூடாது. மைலேஜை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள். 100-க்குப் பதில் 90-இல் போனால் அதைவிட அதிகம் மிஞ்சும்.

கேள்வி: செயின் நிறைய ஓடிவிட்டது. முன் ஸ்பிராக்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினை விரலால் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்கு விலகி வந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பற்கள் அலை போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் அதே முடிவுதான். நீண்டுபோன செயினில் புதுப் பல்லை மாட்டினால் அது விரைவில் கெடும். செயின், இரண்டு ஸ்பிராக்கெட் என மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். வாங்கும்போது செயினில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 428 என்றால் கண்ணிக்குக் கண்ணி 12.7 மில்லிமீட்டர், 520 என்றால் 15.875. ஒன்றின் ஸ்பிராக்கெட் மற்றதில் உட்காராது. நடுத்துளையின் வரிப்பள்ளங்கள் உங்கள் வண்டியின் தண்டுக்குப் பொருந்துகின்றனவா என்று பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள். அலுமினியப் பின் ஸ்பிராக்கெட் எடை குறைவு, ஆனால் சீக்கிரம் தேயும். தூரப் பயணத்துக்கு எஃகுதான்.

மெக்கானிக்கிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். முன் ஸ்பிராக்கெட் நட்டுக்குக் கையேடு சொல்லும் இறுக்கமும், நட்டு தளராமல் விளிம்பை மடக்கிப் பூட்டும் வாஷர் இருந்தால் புதியதும் வேண்டும். பூட்டுக் கண்ணி (செயினின் இரு முனைகளையும் கிளிப்போடு இணைக்கும் கண்ணி) உள்ள செயினில் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயினின் தளர்வைக் கையேட்டின் அளவுக்கு, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் அளந்து வையுங்கள். அதிகமாக இறுக்கினால் கியர் பெட்டித் தண்டின் பேரிங் அடிவாங்கும்.

கேள்வி: புது வண்டி, உத்தரவாதக் காலம் முடியவில்லை. மாற்றலாமா?

பதில்: உத்தரவாதத் தாளில் மாற்றங்களைப் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு, சர்வீஸ் நிலையத்தில் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம். மாற்றினாலும் பழைய ஸ்பிராக்கெட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் சுற்றி வைத்திருங்கள். மலைப் பயணம் வந்தால் அதைத் திரும்பப் போட அரை மணி நேரம்தான் ஆகும்.